ஓணான் வீரனும் ஒயிட்னரும்

ஒருமுறை சரி என்று ஒப்புக்கொண்டதைத் திரும்ப வந்து மாற்றச் சொல்கிறவர்களைக் கண்டால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். என் பிழைப்பே அவர்களோடுதான் என்பது வேறு விஷயம். பனியன் கம்பெனியில் மெர்ச்சண்டைசராக இருக்கிறேன்; ஆர்டர் கொடுக்கிற பையருக்கும் தைக்கிற கம்பெனிக்கும் நடுவில் நிற்கிற வேலை. அவர்களே சரி பார்த்துச் சீல் வைத்த சாம்பிளில் காலரை மட்டும் கொஞ்சம் குறைக்க முடியுமா என்று பையரிடமிருந்து மெயில் வராத வாரம் கிடையாது. வந்தால் வாய்விட்டுத் திட்டுவேன். பக்கத்து மேசைப் பெண் காதில் ஹெட்போனை மாட்டிக்கொள்வாள். திட்டி முடித்ததும், பதினொரு வயதில் ஒரு மே மாத விடுமுறை முழுக்க நான் கையில் ஒயிட்னர் பாட்டிலோடு அலைந்தது நினைவுக்கு வந்து தொலைக்கும். அதற்குப் பிறகு அந்த மெயிலுக்குப் பதில் எழுதவும் மனசு ஓடாது.

அப்போது திருப்பூர் நெருப்பெரிச்சலில் எங்கள் வீடும் அப்பாவின் கம்பெனியும் ஒரே காம்பவுண்டுக்குள் இருந்தன. கம்பெனியில் கீழே தையல், மேலே செக்கிங்கும் பேக்கிங்கும். அந்த மாடியிலிருந்து நாலு எட்டு வைத்தால் எங்கள் வீட்டு மாடி. அந்த மே மாதம் கோயமுத்தூரிலிருந்து பெரியப்பா பையன் லீவுக்கு வந்து இறங்கினான். என்னைவிட இரண்டு வயது மூத்தவன். அவனோடு ஒரு தகர டப்பாவும் இறங்கியது. உள்ளே வெளிநாட்டுக் கார்டுகள். மந்திரவாதி, டிராகன், கொம்பு வைத்த குதிரை என்று ஒவ்வொன்றும் தனித்தனி பிளாஸ்டிக் உறைக்குள். தொடக்கூடாது, தூர இருந்து பார்க்கலாம் என்றான். மூச்சுக் காற்று பட்டால் மங்கிவிடுமாம். இரண்டு நாள் மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தேன். மூன்றாம் நாள் பொறுமை போய், நாமே கார்டு போட்டு விளையாடலாம் என்று சொன்னேன். வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம்.

அட்டைக்குப் பஞ்சமில்லை. ஏதோ ஓர் ஆர்டர் நின்றுபோனதில் பேக்கிங்கில் டேக்குகள் பெட்டி பெட்டியாக மிஞ்சிக் கிடந்தன. புதுச் சட்டையில் தொங்கவிடுகிற அட்டைதான். ஒரு பக்கம் நங்கூரப் படம், மறுபக்கம் வெறும் வெள்ளை. கார்டுக்கென்றே வெட்டினதுபோல் உள்ளங்கை அளவு. ஒரே குறை, நூல் கோர்ப்பதற்காக மேலே ஓர் ஓட்டை. அதனால் எங்கள் பூதம், ராட்சசன், ராஜா எல்லாருக்கும் நெற்றியில் ஓட்டை விழுந்தது.

மூன்றாவது ஆள் பெனிட்டா. அவளுடைய அம்மா எங்கள் செக்கிங்கில் வேலை பார்த்தார். தூத்துக்குடிப் பக்கத்துக்காரர்கள். லீவு நாளில் பிள்ளையை லைன் வீட்டில் தனியாக விட முடியாமல் கம்பெனிக்குக் கூட்டிவருவார். பெனிட்டாவுக்கும் என் வயதுதான். என்னை ‘ஏட்டி’ என்றுதான் கூப்பிடுவாள், அவர்கள் ஊரில் அது ‘அடியே’ மாதிரி. போங்க வாங்க என்றே பேசிப் பழகிய எங்கள் வீட்டில் அந்தச் சொல் வந்து விழுந்தால் அம்மாவின் முகம் சுருங்கும். “அந்தப் புள்ளைக்குக் கொஞ்சம் மரியாதையாப் பேசச் சொல்லிக் குடு கண்ணு” என்பார். என்னை அப்படிக் கூப்பிட வேறு யாரும் இல்லாததால் எனக்கு அது பிடித்துத்தான் இருந்தது. அம்மாவிடம் அதைச் சொல்ல முடியுமா?

ஆட்டம் எளிது. ஒவ்வொரு கார்டிலும் இரண்டு எண்கள்: அடி, தாங்கு. என் கார்டின் அடி உன் கார்டின் தாங்கைவிட அதிகமென்றால் உன் கார்டு செத்தது. சமமென்றால் சாகாது. ஒரே எதிரியை மூன்று முறை அடித்தும் அது சாகாவிட்டால் அடித்த கார்டு களைத்து விழும். அடிக்க மனமில்லையென்றால் முறை வரும்போது சும்மா நிற்கலாம். இறக்கிய கார்டு விழுந்தால்தான் அடுத்தது இறங்கலாம். இது போக, கார்டின் அடியில் ஒரு வரியில் அதற்கென்று ஒரு வித்தை. ஆளுக்கு ஏழு கார்டு. கடைசியில் யாருடையது மிஞ்சுகிறதோ அவர் ஜெயித்தார்.

படம் வரைவது நான், எண் போடுவது நான், வித்தை எழுதுவதும் நான். ஒரு வாரத்தில் நாற்பது கார்டுகள். உடுமலைப்பேட்டையில் அம்மாவைப் பெற்ற அப்புச்சி வீட்டுக்குப் போகிற வழியில் பார்த்த காற்றாலையை வைத்து மூன்று கைப் பூதம் செய்தேன். கல் ஆமைக்குத் தாங்கு பத்து. பெரியப்பா பையனுக்காகத் தீ நாகம், அடி எட்டு, தாங்கு ஒன்பது. அதை அவன் கையைவிட்டுக் கீழே வைக்கவே இல்லை. நாற்பதுக்கு ஒன்று குறைந்ததால் கடைசியாக ஓணான் வீரன் என்று ஒன்றைக் கிறுக்கினேன். அடி நான்கு, தாங்கு இரண்டு. வித்தை: எதிரில் நிற்கும் கார்டின் தாங்கு இதற்கும் வரும். யாரும் சீண்டாத அந்தக் கார்டை பெனிட்டா எடுத்துக்கொண்டாள்.

சித்தப்பாதான் இதில் அப்ரூவல் என்ற ஒன்றை நுழைத்தவர். கம்பெனியில் சாம்பிள் செக்‌ஷன் அவர் பொறுப்பு. “ஏனுங்க டிசைனரம்மா, அப்ரூவல் வாங்காமயே புரொடக்சன் ஓட்டறீங்ளா?” என்று வம்புக்கு இழுத்தார். நாற்பதையும் கொண்டுபோய் அவர் மேசையில் வைத்தோம். போனைக் காதுக்கும் தோளுக்கும் நடுவே இடுக்கிக்கொண்டு, ஒவ்வொன்றிலும் பச்சை வட்ட ஸ்டிக்கர் ஒட்டிக் கையெழுத்துப் போட்டார். ஒன்றைக்கூடப் படித்த மாதிரி தெரியவில்லை. போனை வைத்ததும் மட்டும் கறாராகச் சொன்னார்: “சீல் வெச்சாச்சுன்னா வெச்சாச்சு. அதுக்கப்பறம் ஒரு நூல்கூட மாத்தப்படாது.”

எனக்கும் பெரியப்பா பையனுக்கும் அது விளையாட்டு. பெனிட்டாவுக்கு அப்படியில்லை. அவளுடைய அம்மா காலையிலிருந்து சாயங்காலம்வரை செய்கிற வேலையே அதுதான். சீல் வைத்த சட்டையைப் பக்கத்தில் விரித்து வைத்துக்கொண்டு, வருகிற ஒவ்வொரு சட்டையையும் அதோடு ஒப்பிட்டுப் பார்த்து, மாறியிருந்தால் சிவப்பு அம்பு ஸ்டிக்கரை ஒட்டித் திருப்பி அனுப்புவார். பெனிட்டா ஓணானின் பச்சை ஸ்டிக்கரை விரலால் தடவிக்கொண்டே, “இனி மாத்த முடியாதுல்லா?” என்று கேட்டாள். முடியாது என்றேன்.

அதோடு நின்றிருந்தாலாவது பரவாயில்லை. லீவு முடிவதற்கு முந்தின சனிக்கிழமை பைனல், ஜெயிக்கிறவர் நாற்பத்தோராவது கார்டைத் தானே வரைந்து தானே எண் போட்டுக்கொள்ளலாம் என்று ஒரு பரிசையும் அறிவித்தேன். பெரியப்பா பையன் அதைக் காதிலேயே வாங்கவில்லை. பெனிட்டா என் முழங்கையைப் பிடித்துக்கொண்டாள்.

“நெசமாவா? நானே போடலாமா?”

“ஜெயிச்சாப் போடலாம். என்ன கார்டு போடுவ?”

“இப்ப சொல்ல மாட்டேம்ட்டி. ஜெயிச்சிட்டுச் சொல்லுதேன்.”

அன்றிலிருந்து அவள் விளையாடியதெல்லாம் அந்த ஒரு கார்டுக்காகத்தான்.

என் கஷ்டகாலமும் அன்றைக்கே தொடங்கியது. பெனிட்டா ஓணானை நாகத்துக்கு எதிரே நிறுத்திவிட்டு அடிக்கவே மாட்டாள். சும்மா உட்கார்ந்திருப்பாள். பெரியப்பா பையனால் சும்மா இருக்க முடியாது. ஓணானுக்கு நாகத்தின் தாங்கு ஒன்பது வந்துவிட்டதைத் தெரிந்துகொண்டே, எட்டு அடியை வைத்துக்கொண்டு மூன்று முறை பாய்வான். நாகம் களைத்து விழும். மிச்சக் கார்டுகளை அவன் கோபத்தில் வாரி எறிவான். இப்படி ஒரு நாளைக்கு நான்கு ஆட்டம்.

“அந்த ஓணான எடுத்துப்போடு புள்ள. இல்லீனா நான் ஆட்டத்துக்கே வல்ல” என்றான். கார்டில் தப்பில்லை, நீ அடிக்காமல் இருந்தால் போதும் என்று நூறு முறை சொல்லியிருப்பேன். அவன் போய் பெரியம்மாவுக்குப் போன் போட்டான். பெரியம்மா என் அம்மாவுக்குப் போன் போட்டார். பிள்ளை போன இடத்தில் அழுகிறானாம், சோறு இறங்கவில்லையாம். அவன் அப்போதுதான் நாலு தோசையை முழுங்கிவிட்டு எழுந்திருந்தான். அம்மா என்னிடம் வந்தார். “நாலு நாளைக்கு வந்த பையன் கண்ணு. எதையாச்சும் பண்ணி உடு. போன் எடுத்து எடுத்து எனக்கு முடியல.”

என்ன செய்வேன்? ஓணானின் அடியை ஒயிட்னரால் அழித்து மூன்றாக்கினேன். அவள் அதை வைத்து அடிப்பதே இல்லை, நிற்கத்தான் செய்கிறாள் என்பதுகூட என் மண்டையில் ஏறவில்லை.

“நேத்து நாலுல்லா இருந்துச்சு?” என்றாள் பெனிட்டா.

“பேலன்ஸ் பண்ணியிருக்கேன்.”

“சீல் வச்சதுக்குப் பொறவா?”

சீல் அப்படியே இருக்கிறதே என்று பச்சை ஸ்டிக்கரைக் காட்டினேன். ஸ்டிக்கரின் மேல் ஒரு சொட்டு ஒயிட்னர்கூட படாமல்தான் திருத்தியிருந்தேன். அவள் ஸ்டிக்கரைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். “சரி, மூணே இருக்கட்டும்” என்று ஆட உட்கார்ந்தாள். அன்றைக்கும் நாகம் விழுந்தது.

அப்புறம் வித்தையை ஓர் ஆட்டத்துக்கு ஒரு முறைதான் என்று ஆக்கினேன். அதற்கும் அவள் சரி என்றாள். நாகத்துக்கு எதிராக அந்த வித்தை செல்லாது என்றேன். அவள் ஓணானை விட்டுவிட்டு மூன்று கைப் பூதத்தைக் கொண்டு ஜெயித்தாள். பூதத்தின் ஒரு கையை ஒயிட்னரால் அழித்தேன். பனிப் புலியைக் கொண்டு ஜெயித்தாள். புலியின் அடியைக் குறைத்து, நாகத்தின் அடியைப் பத்தாக்கினேன். ஒரு பாட்டில் ஒயிட்னர் தீர்ந்து இரண்டாவது வாங்கினேன். கார்டுகள் வெள்ளை வெள்ளையாகத் தடித்துப்போய்க் கட்டு நேராக நிற்கவே மாட்டேனென்றது. ஒரு பக்கம் அவன் ஒப்பாரி, ஒரு பக்கம் போன், இன்னொரு பக்கம் இவள் எதைக் கொடுத்தாலும் ஜெயித்துத் தொலைக்கிறாள். ராத்திரி பகலாக நான் உழைப்பது யாருக்காவது தெரிகிறதா என்று அழுகையே வந்தது.

எந்த ஒரு கார்டும் எல்லா ஆட்டத்திலும் ஜெயிக்கக்கூடாது. அதுதான் நான் வைத்திருந்த கொள்கை. இன்றைக்குக் கேட்டாலும் அதில் தப்பில்லை என்பேன். ஆனால் ஜெயித்துக்கொண்டிருந்தது ஒரு கார்டு இல்லை, ஒரு பிள்ளை. அது புரியாமல் நான் கார்டுகளைப் பிடித்துத் திருத்திக்கொண்டிருந்தேன்.

ஒருநாள் மத்தியானம் பெனிட்டாவைக் கூப்பிட செக்கிங்குக்குப் போனேன். சாப்பாட்டு நேரம். மேசைக்கு அந்தப் பக்கம் அம்மாவும் மகளும் டிபன் பாக்ஸைத் திறந்து வைத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்திருந்தார்கள். அடுக்கின சட்டைகள் மறைத்ததால் அவர்கள் என்னைப் பார்க்கவில்லை.

“எதுக்குட்டி எல்லா ஆட்டத்துலயும் ஜெயிச்சிக்கிட்டுக் கெடக்க?” என்றார் அவள் அம்மா. “ரெண்டு ஆட்டம் விட்டுக் குடேன்.”

“அது ஆட்டம்லாம்மா.”

“அதான் சொல்லுதேன். ஆட்டந்தான?”

எனக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. இந்தக் காம்பவுண்டில் பேலன்ஸ் என்றால் என்னவென்று புரிந்த ஒரே ஆள் இவர்தான் என்று நினைத்தேன். என்னைப் பார்த்ததும் அவர் சோற்றுக் கையோடு எழுந்து நின்று, “வா பாப்பா” என்றார். கம்பெனியில் வேலை செய்கிற எல்லாரும் என்னை அப்படித்தான் கூப்பிடுவார்கள். பெனிட்டா டிபன் பாக்ஸிலிருந்து தலையைத் தூக்கவில்லை.

பைனல் நடந்த சனிக்கிழமை பெனிட்டா ஓணானைத்தான் முதலில் இறக்கினாள். அழித்து அழித்து அதில் ஒன்றும் மிச்சமில்லை. பெரியப்பா பையனுக்கோ அதன் மேல் ஒரு மாதக் கோபம். வேறு சின்னக் கார்டு எதையாவது இறக்கினாலே அது செத்திருக்கும். ஆனால் ஓணானைக் கண்டதும் எடுத்த எடுப்பில் நாகத்தை இறக்கி ஒரே அடியில் கொன்றுவிட்டுக் கையைத் தட்டினான். பெனிட்டா அடுத்ததாகக் கல் ஆமையை வைத்துவிட்டுச் சும்மா உட்கார்ந்தாள். ஆமைக்குத் தாங்கு பத்து. நாகத்துக்கு நான் ஏற்றிக் கொடுத்த அடியும் பத்து. சமமென்றால் சாகாது என்ற விதியைத் திருத்த நான் மறந்தே போயிருந்தேன். அவன் மூன்று முறை அடித்தான். நாகம் விழுந்தது. மிச்சத்தை அவன் வழக்கம்போல வாரி எறிந்துவிட்டு வெளியே போனான். பெனிட்டா குதிக்கவில்லை. கீழே சிதறிய கார்டுகளைப் பொறுக்கி அடுக்கினாள். “ஒரு வெறும் டேக்கு குடுட்டி” என்று வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போனாள்.

திங்கட்கிழமை கார்டோடு வந்தாள். நான் அதைப் பார்த்த பார்வையில் பாதி பொறாமை. எங்கள் அரக்கர்கள் அத்தனை பேர் நெற்றியையும் கெடுத்த அந்த ஓட்டையை அவள் ஒரு மேசைக்கு மேல் தொங்குகிற விளக்காக்கியிருந்தாள். விளக்கைச் சுற்றி மஞ்சள் கோடுகள். கீழே கம்பெனி வேலைக்குப் போடுகிற ஓவர்கோட்டில் ஒரு பெண், கழுத்தில் நூல் வெட்டுகிற கத்தரியை மாட்டிக்கொண்டு குனிந்து எதையோ பார்த்துக்கொண்டிருந்தாள். பெயர், செக்கிங் அக்கா. அடி ஒன்று, தாங்கு ஒன்று. வித்தை: இவள் இறங்கினால் ஒயிட்னர் வைத்ததையெல்லாம் சுரண்ட வேண்டும். சீல் வைத்தபோது இருந்ததுதான் செல்லும்.

எனக்குத் தலை சுற்றியது. நாகமும் பூதமும் மோதிக்கொள்கிற இடத்தில் செக்கிங் அக்காவுக்கு என்ன வேலை? எந்த எண்ணை வேண்டுமானாலும் போட்டுக்கொள்ள உரிமை கிடைத்தும் யாராவது ஒன்று போடுவார்களா? எல்லாவற்றுக்கும் மேல், அந்த வித்தை ஒரு மாத உழைப்பை ஒரே இறக்கில் காலி பண்ணிவிடும். இதெல்லாம் கார்டே இல்லை என்றேன். அவள் அம்மாவின் மேசையிலிருந்து நான் எடுத்து வைத்திருந்த சிவப்பு அம்பு ஸ்டிக்கர் ஒன்றைக் கிழித்து அதன் மேல் ஒட்டவும் செய்தேன்.

பெனிட்டா அம்பை மெதுவாக உரித்தாள். “உங்க சித்தப்பா சீல் வச்சா ஒத்துக்கிடுவியா?” என்றாள்.

போனோம். சித்தப்பா போனில் இருந்தார். கார்டைப் பார்க்காமலே பச்சை ஸ்டிக்கரை ஒட்டிக் கையெழுத்துப் போட்டு நீட்டினார். பெனிட்டா சிரித்தாள். அந்த லீவில் அவள் பல்லெல்லாம் தெரியச் சிரித்தது அந்த ஒரு தடவைதான்.

விஷயம் தெரிந்ததும் பெரியப்பா பையன் ஆரம்பித்துவிட்டான். “அப்ப என்ற நாகம் என்னாவறது? நான் அம்மாவுக்குப் போன் பண்றேன்.” அவன் ஊருக்குப் போக இரண்டே நாள் இருந்தன. மறுபடியும் போன், மறுபடியும் அம்மா, மறுபடியும் பண்ணி உடு கண்ணு. நினைக்கவே அலுப்பாக இருந்தது. பெனிட்டா சாப்பிடப் போனதும் பாட்டிலைத் திறந்து, அந்தக் கார்டில் வித்தை எழுதியிருந்த வரிகளை மட்டும் அழித்தேன். படத்தைத் தொடவில்லை. சீலையும் தொடவில்லை. அவள் மனம் நோகக்கூடாது என்று அவ்வளவு பார்த்துப் பார்த்துத்தான் செய்தேன்.

சாப்பிட்டு வந்தவள் கார்டை எடுத்தாள். ஒயிட்னர் இன்னும் காயவில்லை. அவள் கட்டைவிரலில் ஒட்டியது. முதலில் பச்சை ஸ்டிக்கரைப் பார்த்தாள். அப்புறம் வெள்ளை வரியைப் பார்த்தாள். சண்டைக்கு வருவாள் என்று நான் பதில்களையெல்லாம் வரிசையாகத் தயார் பண்ணி வைத்திருந்தேன். நகத்தை வைத்து ஓர் இழுப்பு இழுத்திருந்தால் எழுத்து வெளியே வந்திருக்கும். அவள் சுரண்டவில்லை. விரலைப் பாவாடையில் துடைத்துக்கொண்டாள். தன் ஏழு கார்டுகளையும் அடுக்கி, மேலே செக்கிங் அக்காவை வைத்து, என் பக்கமாகத் தள்ளினாள்.

“வாரேன் பாப்பா” என்றாள்.

எழுந்து செக்கிங்குக்குப் போய்விட்டாள். மறுநாள் அம்மாவோடு கம்பெனிக்கு வந்தாள், ஆனால் எங்கள் மாடிக்கு வரவில்லை. நான் போய்ப் பார்த்தபோது மேசைக்கு அடியில் உட்கார்ந்து வெட்டிப்போட்ட நூல்களைப் பொறுக்கிக்கொண்டிருந்தாள். ஒன்று அடி, ஒன்று தாங்கு உள்ள ஒரு கார்டுக்கு இவ்வளவு வீம்பா என்று எனக்கு எரிச்சலாக வந்தது. திரும்பி வந்துவிட்டேன்.

அவள் எழுந்துபோன அந்தத் திங்கட்கிழமை சாயங்காலம் அம்மா துணி மடித்துக்கொண்டிருந்தார். அந்த நாளில் எனக்கு நடந்த ஒரே நல்ல விஷயத்தை அவரிடம் போய்ச் சொன்னேன். பெனிட்டா இப்போதெல்லாம் ஏட்டி என்று கூப்பிடுவதில்லை, மரியாதையாகப் பாப்பா என்கிறாள் என்று.

அம்மாவின் முகம் மலர்ந்தது. “நீ சொல்லிக் குடுத்தயா கண்ணு?” என்று கேட்டார்.

“ஆமாங்கம்மா” என்றேன், பெருமையாக.